அடக்கத்தன்று கருவான குதிரை

அண்ணா,

நீ கேட்டபடி உன் இளம் குதிரையைச் சோதித்துவிட்டேன். கால்கள் நேராக இருக்கின்றன, இதயத்தில் குறையில்லை, ஐந்து பந்தயங்களை வென்றிருக்கிறது. கில்டேர் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் இதைவிட நல்ல பொலிகுதிரை உனக்குக் கிடைக்காது.

பிறகு அதன் வம்சாவளிச் சான்றிதழைப் படித்தேன். தாய்க்குதிரையை இதன் தகப்பனிடம் நீ சேர்த்த தேதி, என் மகன் லோர்கனை அடக்கம் செய்த நாள். அவனை மிதித்துக் கொன்ற அதே குதிரையிடம் சேர்த்திருக்கிறாய். பெட்டைக்குப் பருவம் தவறிவிடும் என்று நினைத்திருப்பாய். கல்லறையிலிருந்து நீ ஏன் அவ்வளவு சீக்கிரம் கிளம்பினாய் என்பது ஆறு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது.

பக்கத்தில் நின்ற உன் லாயக்காரன் டோனல் சிரித்தான். "பாருங்க டாக்டரய்யா, ஆட்டுக்குட்டி மாதிரி நிக்குது! இந்தக் குணத்துல பாதி உங்க அண்ணனுக்கு இருந்தா நான் ஏன் புலம்பப்போறேன்?"

குதிரை என் தோளில் முகத்தைச் சாய்த்தது. இதன் தகப்பனும் லோர்கனின் தோளில் அப்படித்தான் சாயும், அந்தக் காலை வரை.

தகுதியானது என்றே எழுதியிருக்கிறேன். பொய் எழுத எனக்கு வராது. ஆனால் அன்று இதன் தகப்பனுக்குத் தண்ணீர் வைக்க நீ லோர்கனை அனுப்பியதுபோல், இதனிடம் யார் பிள்ளையையும் அனுப்பாதே. நீயே உள்ளே போ.

உன்னுடன் பிறந்தவன்