டைகர் ஏன் குரைக்கவில்லை?

அரூர்,
20.6.1986

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்புப் பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. நீங்கள் இல்லாதது ஒன்றுதான் குறை. உங்கள் செல்லம் டைகரின் தொல்லை தாங்கவில்லை. விடியும் முன்பே எழுந்து கொல்லைக் கதவைச் சுரண்டுகிறது. குரைப்பதில்லை, வாலை ஆட்டிக்கொண்டு முனகுகிறது. திறந்து பார்த்தால் வெளியே ஒருவரும் இல்லை. என் தூக்கமே போயிற்று.

உங்கள் ஷகிலா

மஸ்கட்,
6.7.1986

ஷகிலாவுக்கு, ஸலாம். நலம்.

அந்நியர் வந்தால் தெருவையே கூட்டுகிற டைகர் வாலை ஆட்டுகிறது என்றால், வருகிறவன் அதற்குப் பழகியவன். பின்வீட்டு சுபான்தானே அதற்கு எலும்பு போடுவான்? கதவைச் சுரண்டுவது நாய்தானா? அந்த நேரத்தில் நீ ஏன் கதவைத் திறக்கிறாய்?

ஜமீர்

அரூர்,
23.7.1986

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எலும்பு போடுவது சுபான் அண்ணனின் மனைவி ரஹமத் அக்கா. அவரிடமே டைகரைப் பற்றிச் சொல்லி அழுதேன். உங்கள் சந்தேகத்தைச் சொல்லவில்லை. அவர் சிரித்துவிட்டார்.

"நோன்பு மாசம் பூரா விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு சஹர் சாப்பிட்டு மிச்சத்தக் கொல்லையில யாருக்கு வச்ச? நோன்பு முடிஞ்சது அதுக்குத் தெரியுமா? நீ கதவத் தெறக்கற வரைக்கும் சொரண்டத்தான் செய்யும். காதப் பொத்திக்கிட்டுப் படு. நல்லா வெளிச்சம் வந்தப்புறம் சோறு வை."

அப்படியே செய்தேன். முதலில் இன்னும் அதிகமாக முனகியது. பிறகு அடங்கிவிட்டது. இப்போது வெயில் வந்த பிறகுதான் எழுகிறது. உங்கள் மனம் ஆறியதா என்று எழுதுங்கள். அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் ஷகிலா

மஸ்கட்,
8.8.1986

ஷகிலாவுக்கு,

இத்தனை நாள் எழுந்த நாய், நான் கேட்டு எழுதியதும் எழுவதில்லையாம். அப்படியானால் வருகிறவன் வருவதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதானே? ரஹமத் பீவிக்குப் பாவம், என்ன தெரியும்?

ஜமீர்

அரூர்,
25.8.1986

ஸலாம்.

எதிர் டீக்கடை தீர்த்தன் அண்ணன் நேற்று வந்தார். நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தை என் கையில் கொடுத்தார். "கட தொறக்கறப்ப உங்க வூட்டுக் கொல்லப் பக்கம் யாரு போறாங்கன்னு பாத்துச் சொல்லச் சொல்றாருங்க. எனக்கு இந்தப் பாவம் வேணாம்மா" என்றார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன்?

நாய்க்குப் புரியவைக்க வழி இருந்தது. உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முயலவும் இனி மனமில்லை.

டைகரைக் கூட்டிக்கொண்டு வாணியம்பாடிக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். சாவி ரஹமத் அக்காவிடம் இருக்கிறது. இனி இந்த வீட்டில் யாரும் இல்லை. நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஷகிலா