போனைப் படுக்கவைத்தால்

ஜூன் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடமிருந்து காகிதத்தில் கடிதம் என்றதும் பதறியிருப்பாய். நீ சிம்மைக் கழற்றி வைத்து இரண்டு மாதமாகிறது, வேறு எப்படிச் சொல்வது?

அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. "அவர் உன்னைத் தலைமுழுகிட்டார்" என்று நான் போனில் கத்தி, உன்னைச் சிம்மைக் கழற்றவைத்தது தப்பு. நீ உன் கல்யாண முடிவை எழுதிய நாளிலிருந்து அவர் உனக்கு மெசேஜ் அனுப்பவில்லை. நானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டறையில் முப்பது வருஷம் இரும்புச் சத்தத்தில் காது போனவரிடம் பேசப் பொறுமை வேண்டும். எனக்கு ஏது?

போன வாரம் போனுக்குப் பெரிய அப்டேட் வந்தது. எழுதியதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டலாம், குரலைப் பதிவு செய்யலாம், போன் முழுக்கத் தேடலாம், மெசேஜ் எழுதும்போது போனைக் குறுக்காகப் படுக்கவைத்தால் கீபோர்டு அகலமாகும். நகலெடுப்பதற்குத்தான் எங்கள் போன் சர்வீஸ் சென்டரில் எல்லாரும் கைதட்டினோம். மற்றதை நான் சட்டை செய்யவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கேட்காமலே அந்த அப்டேட்டை அவர் போனில் போட்டேன். பேக்கப் எடுக்கவில்லை. அதை எடுக்காமல் வரும் வாடிக்கையாளர்களைத் தினமும் திட்டுபவன் நான்! பாதியில் திரை கறுத்து நின்றது. அப்பா முகம் வெளுத்துவிட்டது. "உள்ள எழுதி வெச்சதெல்லாம் போயிடுமாடா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர் என்னத்தை எழுதுகிறார் என்று புரியவில்லை. நாற்பது நிமிஷம் வியர்த்துக் கொட்டியது. பிறகுதான் போனுக்கு உயிர் வந்தது, எனக்கும்.

எல்லாம் பத்திரமா என்று பார்க்க, தேடும் கட்டத்தில் உன் செல்லப்பெயரை அடித்தேன். பதினேழு குறிப்புகள் வந்தன. எல்லாம் உனக்கு எழுத ஆரம்பித்தவை. எழுத்துகள் இரட்டித்து, பக்கத்து எழுத்தில் விழுந்து, முதல் வரியிலேயே நின்றுவிட்டவை. ஒன்று மட்டும் கொஞ்சம் தெளிவு: "பையன் நல்லவனாத்தான் தெரியுறான். கல்யாணத்துக்கு நான்". அவ்வளவுதான்.

அப்போதுதான் அவர் விரலைப் பார்த்தேன். நடுங்குகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கவனிக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "குடிகாரன் எழுதின மாதிரி அனுப்பினா அவ பயந்துட மாட்டாளா?" என்கிறார். டாக்டரிடம் காட்டிவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரை போதும் என்றார்.

போனைப் படுக்கவைத்துக் கையில் கொடுத்தேன். விரலுக்கு இடம் கிடைத்தது. மெதுவாக ஒரு வரி அடித்தார், பிழையில்லாமல். உடனே நிமிர்ந்து, "படுக்க வெச்சா பெரிசாகும்னு இத்தனை நாளா எந்தக் கழுதைக்கும் தோணலையா?" என்று நான்தான் அந்தப் போனைச் செய்த மாதிரி திட்டினார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை உனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார். என்னைப் பார்க்க விடவில்லை. உன் போன் இயங்காவிட்டால் மெசேஜ் மூன்று நாளில் அழிந்துபோகும் என்று சொன்னேன். "அப்ப தினமும் அனுப்புறேன், போ" என்றார். தினமும் அனுப்புகிறார்.

சிம்மைப் போடு, அக்கா. எனக்கு நாலு திட்டு எழுத வேண்டும் என்றால் தாராளமாக எழுது. ஆனால் முதலில் அவருக்கு எழுது. கடைசியில் ஏதாவது ஒரு கேள்வியும் கேள். பதில் எழுத அவருக்கு ஆசையாக இருக்கும்.

உன் அவசரக்குடுக்கைத் தம்பி