பேச முடியாதவரைப் பேசச் சொல்லும் மடிக்கணினி நிறுவனம்

அனுப்புநர்:
ஓட்டுநர் பயிற்சி ஆசிரியரின் மனைவி (தையல் தொழில்),
அச்சகத்துக்கு மேல்மாடி.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர்வு அலுவலர் அவர்கள்.

பொருள்: பழுதான மடிக்கணினியைச் சரிசெய்து தராமலே என் கணவரின் புகாரை முடித்துவைத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சாலை விதிகள் சொல்லிக்கொடுப்பவர். தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்குக் குரல் இல்லை. தட்டச்சு செய்வதை உரக்கப் படித்துக் காட்டும் மடிக்கணினி ஒன்றை வாங்கினோம். அதன் பிறகுதான் பள்ளியில் அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டிலும் அதில்தான் பேசினார். என் சமையலைக் குறை சொன்னதும் அதில்தான். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

2. உத்தரவாதக் காலம் முடியும் முன்பே திரை இருண்டுபோனது. சேவை மையத்தில் மதர்போர்டை மாற்றித் தந்தார்கள். வீடு வந்து சேர்வதற்குள் மறுபடியும் அணைந்தது. திரும்பக் கொண்டுபோனால், "உள்ள தண்ணி போயிருக்கு மேடம், வாரண்டி வராது" என்று கைவிரித்தார்கள். அதன் பக்கத்தில் நாங்கள் ஒரு டம்ளர்கூட வைத்ததில்லை. அங்கே நான் குரலை உயர்த்தியது உண்மைதான். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

3. அந்த எண்ணில் வந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "பில்லு சார் பேர்ல இருக்கு. அவரே லைன்ல வந்து பேசணும் மேடம்" என்றார். அவருக்குப் பேச வராது, அதற்காக வாங்கியதுதான் அந்தக் கணினியே என்று விளக்கினேன். "புரியுது மேடம். ஒரே ஒரு நிமிஷம் பேசச் சொல்லுங்க, போதும்" என்றார். மின்னஞ்சல் அனுப்பினோம். அதே எண்ணை அழைக்கும்படி பதில் வந்தது.

4. பிறகு அவர்களே என் கணவரின் கைப்பேசிக்கு அழைத்தார்கள். நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து ஓடுவதற்குள் அவர் எடுத்துவிட்டார். "ஹலோ சார், கேக்குதா? ஹலோ?" என்ற சத்தம் எனக்கே கேட்டது. அவர் நகத்தால் கைப்பேசியைத் தட்டித் தட்டிக் காட்டினார். துண்டித்துவிட்டார்கள். வாடிக்கையாளர் பதிலளிக்காததால் புகார் முடிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று குறுஞ்செய்தி வந்தது.

5. பள்ளியில் இப்போது வேறு ஆள் தேடுகிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பெரியவர்களிடம் அவர் எழுதிக் காட்டிச் சமாளித்துவிடுகிறார். எங்கள் மகளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. "அப்பா ஏம்மா என்கூடப் பேசமாட்டேங்கறாரு? கோவமா?" என்று கேட்கிறாள். அவரை வைத்துக்கொண்டே கேட்கிறாள். எனக்குத் தாங்கவில்லை, ஐயா.

6. ஆகவே, பழுதில்லாத வேறு கணினி தரவும், பேச முடியாதவர்களின் புகாரை எழுத்தில் ஏற்கவும் அந்த நிறுவனத்துக்கு உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு என் கணவரும் வருவார். தங்கள் அலுவலகத்தில் அவர் பெயரைக் கூப்பிடும்போது, பதில் குரல் வரவில்லை என்பதற்காக ஆள் வரவில்லை என்று எழுதிவிட வேண்டாம். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். கையைத் தூக்குவார்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: திங்கட்கிழமை

தங்கள் நியாயத்தை நம்பியிருக்கும்,
(கையொப்பம்)