புன்னைத்தீவில் பெருக்கிய கரை

திரு நிலைக்க, திரை தணிக. ஏழ்தீவும் உடைய பேரரசி திரைகொண்ட தேவியாரின் ஆணையைத் தலைமேல் கொண்டு, முதலமைச்சர் சேந்தன் அழிசியார், நூறு நெடுங்கலம் நடத்திய கலஞ்சேரித் துறைத்தலைவர் கொற்றன் வழுதியாருக்கு எழுதுவிக்கும் ஓலை. தங்கள் துறையும் குடியும் நலம் பெறுக. இதற்குமேல் நலம் விசாரிக்கப் பொழுதில்லை. அமைச்சர் இருக்கையில் அமராமல் நின்றபடியே சொல்கிறார். எழுதுபவன் கைவலிக்க எழுதுகிறான்.

'வலம்புரி' என்னும் கலம் இருபத்திரண்டு பேரோடு காணாமற்போய் இன்றோடு பதினெட்டு நாள். அதைச் செலுத்திச் சென்றவர் தங்கள் மகனார் நன்னன் என்பதை மறந்து இதை எழுதவில்லை. தேடிச்சென்ற கலங்களை ஐந்து நாள் முன்பு திரும்ப அழைத்ததும், இருபத்தோராம் நாளில் நீர்க்கடன் செய்து மனைவியர் தாலி களையலாம் எனத் தங்களுக்கு எழுதியதும் இந்த அரண்மனையே. ஒரு படத்தை நம்பி அவ்வாறு செய்தோம். அந்தப் படம் பிழை.

அதை வரைந்தவன் கரைநோக்கி நள்ளன். தீவுதோறும் கரையை நடந்தே அளந்து, ஒதுங்கிய பலகை, கயிறு, வலைத்துண்டு, உடைந்த சாடி எங்கெங்கே எவ்வளவு கிடக்கின்றன எனத் துணியில் புள்ளியிட்டு, காற்றையும் நீரோட்டத்தையும் கொண்டு எங்கிருந்து வந்தன என்று சொல்வது அவன் தொழில். கெட்டிக்காரன்தான், அது அவனுக்கே சற்று அதிகமாகத் தெரியும். புன்னைத்தீவின் தென்கரையில் ஒரு சிராய்கூட இல்லை எனக் கண்டு, தெற்கே எந்தக் கலமும் உடையவில்லை என்று அவையில் அடித்துச் சொன்னான். வலம்புரி வடக்கு ஆழத்தில் மூழ்கிற்று என நாங்களும் முடிவு கட்டினோம்.

நேற்று முன்தினம் எதிர்க்காற்று அவன் படகை அதே தென்கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இம்முறை முன்னறிவிப்பு ஏதும் இல்லை. கரை நெடுகக் கணுக்கால் புதையக் குப்பை கிடந்தது. திகைத்து நின்றவனிடம் ஊர்த்தலைவி வேண்மாள் துடைப்பத்தோடு ஓடிவந்து கடிந்துகொண்டாளாம். அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதுகிறோம்: "சொல்லிட்டு வரக்கூடாதாய்யா? அரமனை ஆளு நடக்கிற கரை இப்படிக் கெடந்தா ஊருக்கு மானம் போகாதா? போன தடவ நீங்க வர்றீங்கன்னு ஊரே கூடிப் பெருக்குனோமே."

பெருக்கியதை என்ன செய்தீர்கள் என்று நள்ளன் கேட்டிருக்கிறான். அவனுக்கு வைத்த விருந்துக்கு அதைக் கொண்டுதான் அடுப்பெரித்தார்களாம். அந்த விருந்தில் மூன்று முறை சோறு வாங்கி உண்டதை அவனே அவையில் சொன்னான். கேட்டதும் அவன் மணலில் உட்கார்ந்து அழுததாகப் படகோட்டி கூறினான், நள்ளன் மறுக்கவில்லை.

அழுதுவிட்டு எழுந்து தேடியிருக்கிறான். அன்று காலை ஒதுங்கியவற்றில், இரண்டு துடுப்புத் துண்டுகளைச் சேர்த்துத் தாழை நாரால் கட்டிய ஒரு கட்டு அகப்பட்டது. நாரில் பச்சை மாறவில்லை. நம் கலங்கள் தேங்காய்நார்க் கயிறு அன்றி வேறு கொள்வதில்லை. அந்தப் பக்கத்தில் தாழை வளர்வது தெற்கே ஆளில்லாத கழுகுத்திட்டில் மட்டுமே. அங்கிருந்து நீரோட்டத்தில் வர ஒன்றரை நாள். கலம் உடைந்தபின் யாரோ கரையேறி நார் உரித்துக் கட்டியிருக்கிறார்கள்.

இருபத்திரண்டு பேரும் உயிரோடு இருப்பதாக அரண்மனை உறுதி கூறவில்லை. ஒருமுறை உறுதி கூறிப் பட்டது போதும். புன்னைத்தீவாரைத் தண்டிக்க வேண்டும் என்று அவையில் இருவர் எழுந்தனர். மரியாதை செய்தவர்களைத் தண்டிக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை எனத் தேவியார் அவர்களை அமரச் சொன்னார்.

ஆகவே ஆணை. ஓலை கண்டதும் துறையில் நிற்கும் கலங்கள் அனைத்தும் கழுகுத்திட்டுக்குப் பாய் விரிக்க வேண்டும். நள்ளன் முதற்கலத்தில் செல்வான், அது அவனே கேட்டது. இனி எத்தீவிலும் கரைநோக்கி கண்டு குறிக்கும்முன் கரையைப் பெருக்கலாகாது. துடுப்புக்கட்டை அவிழ்க்காமல் இத்துடன் அனுப்பியிருக்கிறோம். அந்த முடிச்சு யார் கைப்பழக்கம் எனத் தாங்கள் பார்க்க வேண்டும்.

நீர்க்கடன் நிறுத்தப்படுக. ஒரு தாலியும் கழுத்தை விட்டு இறங்கலாகாது. இதைத் தங்கள் மருமகளிடம் ஆள்விட்டுச் சொல்லாமல் தாங்களே நேரில் சென்று சொல்லுங்கள். நாங்கள் பிழை செய்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சங்கு முத்திரை இட்டது. அரக்கு ஆறும்முன்பே தூதன் படகேறுகிறான்.