சிவப்புத் துணியை எடுத்த பிறகு

அன்புள்ள பேத்திக்கு,

உன் அம்மாவின் மேஜையில் உட்கார்ந்து பாட்டி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்கவேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பில் எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிதான். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. கொட்டை கொட்டையாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள். எதிர்வீட்டுத் தையல்காரி ஏழு மணிக்குக் கடையிலிருந்து வருவாள். ஜன்னல் கம்பிக்கு நேரே காகிதத்தைப் பிடித்தால் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். அவளிடம் உன் நம்பர் மட்டும்தான் இருக்கிறது. அவளுக்கு நம் எழுத்து தெரியாது, அதனால் தைரியமாக எழுதலாம். போனிலேயே பேசலாமே என்பாய். போனில் யார் பேசினாலும் என் காதுக்கு இரைச்சல்தான் என்று உனக்குத் தெரியும்.

முதலில் முக்கியமானது. உன் அம்மாவுக்கு நாளைக் காலையில் வயிற்றில் ஆபரேஷன். உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று மறைத்திருப்பாள். இன்று மூன்று மணிக்குத் தனியாகக் கிளம்பிப் போய்விட்டாள். கூட வர எனக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை. மயக்க ஊசி போடுவதற்குள் அவளுக்கு இது தெரிந்தாக வேண்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன லீவில் நீ வந்தபோது, நடுக்கதவை இரண்டு பக்கமும் தாழிட்டுக்கொண்டு, சுவருக்கு என் பக்கமிருந்து நான் கத்த, அவள் பக்கமிருந்து அவள் கத்த, நடுவில் நீ அல்லாடினாய். நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா என்று அழுதாய். மறுநாளே தச்சனைக் கூட்டி வந்து, நடுச்சுவரில் சாப்பாடு நீட்டுகிற பொந்தை அகலப்படுத்தி, சுற்றுகிற தட்டு ஒன்றை வைத்து, அதில் எட்டு டப்பாவை வட்டமாக ஒட்டினாய். உன் ஆபீஸில் இதைத்தான் செய்கிறாய் என்று சொன்னாய்.

நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ளே பாவனைக் கம்ப்யூட்டர்கள் பல இருக்குமாம். ஒவ்வொன்றும் தனக்கென்று எல்லாம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்குமாம். உண்மையில் வெளியே இருக்கிற எதையும் அது தொட முடியாதாம். ஒன்றை எழுதி வைக்கவேண்டும், ஒன்றைப் படிக்கவேண்டும் என்றால், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நினைவகத்தில் ஒரு வட்டம் இருக்குமாம். உள்ளே இருப்பது தனக்கு வேண்டியதை அதில் வரிசையாக வைக்க, வெளியே இருப்பவன் எடுத்துச் செய்து முடித்து, பதிலை அந்த வட்டத்திலேயே வைப்பானாம். நீ வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனாய். இடுப்பு முறிந்த பிறகு இரண்டு அறையும் ஒரு குளியலறையுமாகக் கிடக்கிற எனக்கு, அந்தப் பாவனைக் கம்ப்யூட்டர் யார் என்று நீ சொல்லி முடிப்பதற்குள் விளங்கிவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை.

குறை சொல்லக்கூடாது, தட்டு நன்றாகவே ஓடியது. நான் எதுவரை சீட்டு வைத்தேன் என்பதற்கு நீலக் கிளிப், அவள் எதுவரை பதில் வைத்தாள் என்பதற்கு மஞ்சள் கிளிப். நீலம் ஒரு சுற்று வந்து மஞ்சளைத் தொட்டுவிட்டால் தட்டு நிறைந்துவிட்டது, நான் பொறுக்க வேண்டும். ஒரு தடவை எட்டு டப்பாவிலும் உப்பைப் பற்றியே எழுதி வைத்தேன். மூச்சு விட இடமில்லாமல் எட்டுக்கும் பதில் எழுதினாள். எட்டிலும் ஒரே பதில்: உப்பு டாக்டர் சொன்ன அளவு.

மணிதான் சிக்கல். சீட்டு வைத்தால் நான் அவள் பக்கத்து மணியை அடிக்கவேண்டும், பதில் வைத்தால் அவள் என் பக்கத்து மணியை அடிக்கவேண்டும். நான் தட்டுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருக்கும்போது எதற்கு மணி? அதற்காக ஒரு சிவப்புத் துணி கொடுத்தாய். அது ஆணியில் தொங்கினால் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மணி வேண்டாம் என்று அர்த்தம். போய் உட்காரும்போது துணியை எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு இன்னொரு தடவை தட்டைப் பார்த்துவிட்டுத்தான் உட்காரவேண்டும் என்று மூன்று தரம் சொன்னாய். ஏன்டி இந்த வெட்டி வேலை என்று கேட்டேன். நீ கடைசியா பார்த்ததுக்கும் துணிய எடுக்கறதுக்கும் நடுவுல அம்மா பதில் வச்சிட்டா என்ன பண்ணுவ பாட்டி, துணி தொங்குதேன்னு அவங்க மணி அடிக்க மாட்டாங்க, மணி வரலையேன்னு நீ எழுந்துக்க மாட்ட, ரெண்டு பேரும் காத்துக்கிட்டே கிடப்பீங்க என்று சொன்னாய். உங்கள் ஆபீஸில் ஒரு மெஷின் இப்படித்தான் நாள் முழுக்க மரம் மாதிரி நின்றுவிட்டது என்று சிரித்தாய்.

இன்றைக்கு என்ன தேதி என்று உனக்குத் தெரியும். உன் அப்பா, என் பிள்ளை, போய்ப் பதினோரு வருஷம். காலையிலேயே சாப்பாடு மூன்று வேளைக்கும் சேர்த்து வந்துவிட்டது. அதற்கே எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. இன்றைக்குக்கூட இவளுக்கு வேலையை ஒழித்துவிட்டு உட்காரவேண்டும் போல என்று நினைத்தேன். இன்று என்ன தேதி என்று ஞாபகம் இருக்கிறதா என்று ஒரே வரி எழுதி டப்பாவில் போட்டேன். ஒன்பதரைக்கு மணியை ஓங்கி அடித்தேன். துணியை மாட்டிவிட்டுக் காத்து நின்றேன்.

அரை மணி நேரம் இடுப்பு விண்விண்ணென்று தெறிக்க நின்றேன். மஞ்சள் கிளிப் அசையவில்லை. திமிர் என்று நினைத்தேன். திரும்பும்போது கைத்தடி வழுக்கிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து, காலால் இழுத்து, எடுத்து நிமிர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நிமிர்ந்த வேகத்தில் தட்டின் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் துணியைப் பிடுங்கி எறிந்தேன். இன்னொரு தடவை பார்க்கவில்லை. இவள் மூஞ்சிக்கு இன்னொரு தடவை ஒரு கேடா என்று போய் உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. எங்கேயாவது சுற்றப் போகிறாள் என்று பல்லைக் கடித்தேன். நாலரைக்குத் தண்ணீர்க் குடம் காலியாகிவிட்டது, அதைப் பற்றி நாலு வார்த்தை எழுதிப் போடலாம் என்று தட்டுக்கு வந்தேன். மஞ்சள் கிளிப் நகர்ந்திருந்தது. என் சீட்டுக்கு அடியிலேயே எழுதியிருந்தாள். அப்படியே எழுதுகிறேன்:

“தேதி மறக்கல அத்தை. நாளைக்குக் காலைல எனக்கு வயித்துல ஆபரேஷன். இன்னைக்கே வந்து படுக்கச் சொல்லிட்டாங்க. மூணு மணிக்கு வண்டி. பயமா இருக்கு. என் பக்கத்துத் தாழ்ப்பாள எடுத்துட்டேன். வர்றதா இருந்தா உங்க பக்கத்த எடுங்க. பதில் இல்லன்னா விருப்பமில்லன்னு எடுத்துக்கறேன்.”

என் பக்கத்துத் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கைத்தடியால் அடித்து அடித்துத்தான் நகர்த்தினேன். கதவு திறந்தது. ஆறு வருஷம் கழித்து இந்தப் பக்கம் வந்திருக்கிறேன். வாசற்கதவை வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நான் உள்ளே இருப்பேன் என்றுதானே பூட்டினாள். முன்பு இரண்டு அறையில் அடைந்து கிடந்தேன், இப்போது நான்கு அறை. அவ்வளவுதான் வித்தியாசம். எந்த ஆஸ்பத்திரி என்று சீட்டில் இல்லை. மேஜையில் இருந்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை.

அவள் நாற்காலியைத் தட்டுக்கு நேர் எதிரே போட்டு வைத்திருக்கிறாள். அங்கே உட்கார்ந்து பார்த்தேன். பொந்து வழியாக அந்த ஆணியும், என் நாற்காலியின் முதுகும் தெரிகின்றன. நான் தடிக்காகக் குனிந்திருந்த நேரத்தில்தான் பதிலை வைத்திருப்பாள், துணி தொங்கியதால் மணி அடித்திருக்க மாட்டாள். நான் துணியைப் பிடுங்கியதையும், திரும்பிப் பார்க்காமல் போய் உட்கார்ந்ததையும் அவள் இங்கிருந்து பார்த்திருப்பாள். படித்துவிட்டுத்தான் இந்தக் கிழவி முதுகைக் காட்டுகிறாள் என்று நினைத்திருப்பாள். வேறு என்ன நினைக்க முடியும்? பக்கத்தில் கம்பியில், நான் படித்துவிட்டுத் தட்டிலேயே விட்ட என் சீட்டுகளையெல்லாம் குத்தி வைத்திருக்கிறாள். உப்புச் சீட்டு எட்டிலும் தேதி போட்டிருக்கிறாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

உன் அப்பா விஷயம் உனக்குத் தெரியும். நான் அக்கா வீட்டில் இருந்தேன். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, உன் அம்மா மஞ்சள் சேலையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். சொல்லி அனுப்பினேன் அத்தை, மருந்துக்கடைக்காரர் போன்ல சொல்லி அனுப்பினேன் என்று அன்றைக்கும் சொன்னாள், பிறகும் சொன்னாள், போன வருஷம்கூடச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள். பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன், ஒரு நாள்கூட மாற்றி நினைத்ததில்லை. இன்று பத்து மணியிலிருந்து நாலரை வரை அவள் எழுதியது என் நாற்காலிக்குப் பின்னால், ஐந்தடி தூரத்தில், ஒரு டப்பாவில் கிடந்தது. அதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

தையல்காரி வீட்டில் விளக்கு எரிகிறது. சீக்கிரம் முடிக்கிறேன்.

இதைப் படித்தவுடன் உன் அம்மாவின் போனுக்குக் கூப்பிடு. மறைத்ததற்காக இப்போது அவளைத் திட்டாதே, அதைப் பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாம். அத்தை சீட்டைப் பார்க்கவில்லை, நாலரை மணிக்குத்தான் பார்த்தாள், பார்த்திருந்தால் வந்திருப்பாள் என்று சொல். மன்னிப்புக் கேட்டாள் என்று நீயாகச் சேர்க்காதே. அதை நான் நேரில் பார்த்துக்கொள்கிறேன். வண்டி பிடித்து, சாவியோடு யாரையாவது அனுப்பச் சொல். இரவு முழுக்க ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருக்க என் இடுப்புக்குத் தெம்பு இருக்கிறது.

அவள் போனை எடுக்காவிட்டால் விடாதே. உனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிகளையெல்லாம் கூப்பிட்டுக் கேள். நர்ஸிடம் சொல்லிவிட்டேன் பாட்டி, அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று மட்டும் எனக்கு எழுதாதே. அவள் காதில் விழுந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள். கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள் என்பதை அவள் வார்த்தையிலேயே தையல்காரியின் போனுக்கு எழுது, ஜன்னலில் காட்டுவாள். திட்டினால் திட்டியதையும் எழுது.

நீ பயப்படும் நாளில் உன் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.

ஜன்னலருகே நின்றுகொண்டு,
உன் பாட்டி