பின்னால் பார்க்கும் வேலை

பிப். 5, வியாழன். பெரம்பலூர்

காலையில் பனி. எட்டு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. மதியம் நல்ல வெயில்.

நாளைக்கு சி.எல். எழுதிக் கொடுத்தாயிற்று. காரணம்: சொந்த வேலை. பழைய பட்டாள வண்டியில் ஊர் சுற்றப் போகிறேன் என்று துறைத்தலைவருக்கு எழுத முடியுமா.

எடுத்து வைக்க: தொப்பி, முகத்துக்குத் துணி, பிரஷர் மாத்திரை, படிக்கும் கண்ணாடி, இந்த நோட்டு.

வண்டி இரண்டு. பஷீர் பாயின் ஜோங்கா (ஜீப் மாதிரிதான், இன்னும் பெரிது), சேவியரின் ஜீப். பஷீர் நூர்ஜஹானின் கணவர். சவுதியிலிருந்து திரும்பி வந்ததும் ஏலத்தில் எடுத்த முதல் பொருள் அதுதான் என்று நூர் இன்னும் குறைபடுகிறாள். சேவியர் பிலோமினாவின் கணவர். பட்டாளத்தில் வண்டிப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். அவருடைய ஜீப்புக்கு என்னைவிட வயது அதிகம். நூர், பிலோ, நான் மூவரும் திருச்சி ஹாஸ்டலில் ஒரே அறை. இரண்டு வருடமாகப் பேசிப் பேசித் தள்ளிப்போட்ட பயணம்.

சாயங்காலம் பிலோவின் போன். வெயிலுக்கு என்ன கட்டிக்கொள்வது என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என நினைத்தேன்.

"அரசி, இவருக்கு மறதி வந்துருச்சுடி."

போன மாதம் பூசைக்கு ஜீப்பில் போனவர் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாராம். வண்டி கோயில் வாசலிலேயே நின்றிருக்கிறது. கேட்டதையே திரும்பக் கேட்கிறாராம். அவருடைய அப்பாவுக்கும் அறுபதை ஒட்டித்தான் ஆரம்பித்தது. கடைசி இரண்டு வருடம் மருமகளை "நீ யாரு பாப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சேவியருக்கு இப்போது ஐம்பத்தெட்டு.

"டாக்டர்கிட்ட போலாம்னா எந்திரிச்சுப் போயிடறாரு. வண்டிய யாருக்காச்சும் குடுத்துருங்கங்கிறான் மகன். சாவிய ஒளிச்சு வெக்கலாம்னா அந்த வண்டிக்கு சாவியே கெடையாது. ஒரு சுவிட்சு, திருகுனா ஓடும்."

"நான் என்ன செய்யணும்?"

"மூணு நாள் பாரு. அவரு வண்டி ஓட்டலாமா கூடாதான்னு சொல்லு. நீ ஆறுதலுக்குப் பேச மாட்ட."

புள்ளியியல் நடத்துகிறவளிடம் மூன்று நாளை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் மூளையைப் பற்றித் தீர்ப்புக் கேட்கிறாள். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சரி என்றேன்.


பிப். 6, வெள்ளி. லப்பைக்குடிக்காடு, நூர் வீடு

ஆறரைக்கு என் வீட்டு வாசலிலிருந்து கிளம்பத் திட்டம். கிளம்பியது எட்டு.

ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி, மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, ஈரம் எதுவரை என்று பார்க்கிறார். முள் காட்டும் மீட்டர் செத்து வருடக்கணக்காயிற்றாம். ஸ்டார்ட் செய்வது காலால், தரையில் ஒரு பொத்தானை மிதித்து. நம்பிக்கை வரவில்லை. முதல் மிதியிலேயே பிடித்துக்கொண்டது.

கிளம்புமுன் எங்களை வரிசையாக நிற்க வைத்து சேவியர் சொன்ன சட்டம்:

"முன்னாடி வண்டிக்கு நீலக் கொடி. கடைசி வண்டிக்குப் பச்சக் கொடி. திருப்பம் வந்தா, பின்னாடி வண்டி கண்ணுல படுற வரைக்கும் முன்னாடி வண்டி நிக்கணும். பட்டப்புறம்தான் திரும்பணும். தவறிப் போச்சுன்னா, கடைசியா பாத்த எடத்துலயே நிக்கணும். யாரும் யாரையும் தேடிக்கிட்டுப் போகக் கூடாது."

பஷீர்: "அண்ணே, இருக்கறதே ரெண்டு வண்டி. போன் வேற இருக்கு."

"போன் சார்ஜ் எறங்கிரும். சட்டம் எறங்காது."

ஜோங்காவில் முன் இடப்பக்க சீட் எனக்கு. "புரொபசரம்மா, பின்னாடி பாக்குற வேல உங்களுக்கு. எப்பவும் என் வண்டி உங்க கண்ணுல இருக்கணும்" என்றார். மனைவி ரகசியமாகக் கொடுத்த வேலையையே கணவர் எல்லார் முன்னாலும் கொடுத்தார். பிலோ என்னைப் பார்க்காமல் கொடியை முடிந்துகொண்டிருந்தாள். கொடி இரண்டும் அவள் ஜாக்கெட் பிட்டில் தைத்தவை.

நெடுஞ்சாலையில் நாற்பதுக்கு மேல் போகவில்லை. பைக்குகள் பக்கத்தில் வந்து படம் எடுத்தன. டீக்கடையில் இரண்டு பேர்:

"மிலிட்டரி வந்துருக்கு. எலெக்சனுக்கு இப்பவே வந்துட்டானுவளா?"

"பொம்பளைங்க இருக்காங்கடா."

"லேடீஸ் மிலிட்டரியா இருக்கும்."

நூர் விறைப்பாக சல்யூட் அடித்தாள். அவர்களும் அடித்தார்கள்.

ரஞ்சன்குடிக் கோட்டை. மேலே ஏறினோம். காற்று. சேவியர் ஏறவில்லை, வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். முழங்கால் என்றார். முழங்கால்தானா?

மதியம் கிராமத்துச் சாலையில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். பஷீர் தயங்கினார். சேவியர் இறங்கி வந்து, காய வைத்த அம்மாவிடம் கேட்டு, ஓரத்தை ஒரு முழம் ஒதுக்கச் சொல்லி, இரண்டு வண்டியையும் ஒரு மணி நசுங்காமல் கடத்திவிட்டார்.

பட்டியல். (யாருக்கும் காட்டக் கூடாது.)
சந்தேகம்: "மதியச் சாப்பாடு எங்க?" என்று இரண்டு முறை கேட்டார். நூர் மருமகளை நூர் மகளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.
சந்தேகம் இல்லை: சோளம். குச்சி. எங்கள் மூவரின் ஹாஸ்டல் அறை எண்ணைச் சொன்னார். எனக்கே நினைவில்லை.

கழுத்து வலி. நாள் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில். நூர் தைலம் கொடுத்தாள்.


பிப். 7, சனி. அரியலூர், லாட்ஜ்

குன்னம் வழி. அரியலூர் நெருங்க நெருங்க சுண்ணாம்புக்கல் லாரிகள். புழுதியில் பின்னால் வரும் ஜீப் ஒரு நிமிடம் காணாமல் போகும், பிறகு பச்சைக் கொடி முதலில் தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் "வந்துட்டாரா?" என்று பஷீர். "வந்துட்டார்" என்று நான். இதை எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணவில்லை.

கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில். சனிக்கிழமைக் கூட்டம். தேங்காய் விற்கும் அம்மா ஜீப்பைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மாலை போடலியா?" என்று கேட்டு, சேவியர் சிலுவை போட்டிருப்பதைக் கவனித்து, "எந்தச் சாமியா இருந்தா என்னங்க, வண்டி வண்டிதானே" என்று தானே ஒரு சரத்தைக் கட்டிவிட்டுப் போனார்.

கண்ணாடியை நூர் வீட்டில் விட்டுவிட்டேன். இதைக் கையை எட்ட நீட்டி எழுதுகிறேன்.

யோசித்துப் பார்த்தால் நேற்றைய பட்டியலில் ஒரு பெரிய குறை. ஒருவரை மட்டும் எண்ணினேன். ஒப்பிட யாரும் இல்லை. முதலாமாண்டு மாணவி இப்படிச் செய்திருந்தால் சிவப்பில் கோடு போட்டிருப்பேன். இன்று எல்லாரையும் எண்ணினேன்:

பஷீர்: பெட்ரோல் பங்கில் டேங்க் மூடியை விட்டுவிட்டு ஐந்து கிலோமீட்டர் வந்தார். திரும்பிப் போய் எடுத்தோம்.
நூர்: மருமகள் பிரியாணியில் தக்காளி அதிகம் போட்ட கதை, மூன்று முறை. மூன்றிலும் புதிதாகக் கோபப்பட்டாள்.
பிலோ: ஒரு செருப்பை ஜோங்காவிலும் ஒன்றை ஜீப்பிலும் வைத்துவிட்டுத் தேடினாள்.
நான்: கண்ணாடி. மாத்திரை (மதியம்தான் நினைவு வந்தது).
சேவியர்: "டீயா காபியா" இரண்டு முறை.

கொஞ்சம் சிரிப்பு வந்தது, மனது லேசானது. அது நிலைக்கவில்லை. லாட்ஜ் ரிஜிஸ்டரில் முகவரி எழுதும்போது வீட்டு எண்ணுக்கு வந்ததும் சேவியரின் பேனா நின்றது. நான்கு விநாடி, ஐந்து விநாடி. பிலோவைப் பார்த்தார். அவள் சொன்னாள், எழுதினார். ரிஜிஸ்டர் பையனிடம் ஏதோ கிண்டல் செய்துவிட்டு மாடி ஏறினார். பிலோ படியிலேயே நின்றாள்.

இதைப் பட்டியலில் போட்டேன். போடாமல் இருக்க முடியாது.


பிப். 8, ஞாயிறு. வரதராசன்பேட்டை, பிலோ வீடு

நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஏலாக்குறிச்சியில் பூசை. பஷீரும் நூரும் நானும் வெளியே இட்லி. பூசை முடிந்து வெளியே வந்த பிலோ, "நான் கொஞ்ச தூரம் இவங்களோட வரேங்க" என்று ஜோங்காவில் பின்னால் ஏறிக்கொண்டாள். படம் எடுக்கச் சேவியரின் போனையும் வாங்கிக்கொண்டாள். சேவியர் தனியாக, பின்னால்.

கொள்ளிடக் கரைச் சாலை. இருபுறமும் அறுவடை. வண்டி கிளம்பியதும் கேட்டுவிட்டாள்.

"சொல்லு அரசி. இன்னிக்கு வூட்டுக்குப் போயிடுவோம். ஓட்டலாமா வேணாமா?"

பாதிக்குப் பாதி என்றேன். ரிஜிஸ்டரைப் பற்றிச் சொன்னேன். "நானும் பாத்தேன்" என்று அழுதாள். பஷீர் வண்டியை ஓட்டியபடியே, அண்ணன் ஓட்டக் கூடாதென்றால் ஜீப்பைத் தான் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நூர் அவர் தோளில் ஒன்று வைத்தாள். "இப்ப இதுவா முக்கியம்?" நான் உடம்பை முழுசாகப் பின் சீட் பக்கம் திருப்பி பிலோவின் கையைப் பிடித்திருந்தேன். பார்த்தது அவள் முகத்தை. அதற்குப் பின்னால் சாலையை இல்லை.

தா.பழூரில் டீக்கு இறங்கிய பிறகுதான் ஜீப் இல்லை என்று தெரிந்தது.

பத்து நிமிடம் காத்திருந்தோம். போன் போட்டோம். பிலோவின் மடியிலேயே அடித்தது.

"போச்சுடி. வழி மறந்துருச்சு அவருக்கு" என்றாள். சேவியரின் அப்பா கடைசியில் அப்படித்தான் வெளியே போய், இரண்டு நாள் கழித்துக் கிடைத்தாராம். தெரிந்த வழி என்று வீட்டுப் பக்கம் போயிருப்பாரோ என்று ஜெயங்கொண்டம் சாலையில் போனோம். போகும்போதும் திரும்பும்போதும் கடை கடையாகக் கேட்டோம். பழைய மிலிட்டரி ஜீப்பா? கொஞ்சம் முன்னாடி ஒண்ணு போச்சே, அதுல கொடி இருந்துச்சே. நீலக் கொடியா பச்சையா? நீலம். அது நாங்கள்தான். பிலோ மகனுக்குப் போன் போட்டு அழுதாள். அவன் எதிர்முனையில் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. "நான்தான் அப்பவே சொன்னேன்ல?"

ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு பாலத்தடியில் தண்ணீர் குடிக்க நின்றபோது நூர் கேட்டாள்.

"கடைசியா எங்கடி பாத்த நீ அவர? உன் வேலதானே அது."

கரைச் சாலையை விட்டு எங்கே பிரிந்தோம், அங்கே நின்றோமா, எதுவும் தெரியவில்லை. பிறகு முதல் நாள் சட்டம் நினைவு வந்தது.

"பஷீர் பாய், கரை ரோட்டுத் திருப்பத்துக்குப் போங்க. அங்கதான் இருப்பார்."

இருந்தார். கரைச் சாலையிலிருந்து தா.பழூர் வழி பிரியும் இடத்தில், வேலி ஓரமாக ஜீப். பச்சைக் கொடியைக் கழற்றி, வளைவுக்கு அப்பாலிருந்தே தெரியும்படி ஒரு குச்சியில் உயர நட்டிருந்தார். ஜீப் நிழலில் உட்கார்ந்து, அறுப்புக்கு வந்த பெண்கள் கொடுத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அவர்களில் ஒருத்தி: "எம்மா நேரமா சொல்றோம், எங்க மாமன் வண்டில டவுனுக்குப் போயிருங்கண்ணேன்னு. நவுரமாட்டேங்கிறாரு. அவங்க இங்கதான் வருவாங்கன்னு ஒரே பேச்சு."

இன்னொருத்தி: "வூட்டுக்காரம்மா சண்டை போட்டு எறக்கிவிட்டுட்டுப் போயிருச்சுன்னு நெனச்சோம்."

பிலோ ஓடிப் போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினாள், பிறகு அதே காலரில் முகத்தைத் துடைத்தாள். அவர் கஞ்சி சிந்தாமல் பாத்திரத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு மணி பத்து நிமிசம்" என்று பஷீரிடம் சொன்னார். "டிராக்டர் ஒண்ணு நடுவுல வந்துச்சு. ஒதுங்கி வழி விட்டேன். பாத்தா உங்களக் காணும். ரெண்டு பக்கமும் டயர் தடம். நின்னுட்டேன்."

எங்களில் சட்டத்தை நினைவில் வைத்திருந்தவர் ஒருவர்தான்.

மீதி தூரம் நான் ஜீப்பில். அவராகவே கூப்பிட்டார். தா.பழூரைத் தாண்டினோம். பிறகு:

"பிலோ சொல்லித்தானே மூணு நாளா என்னப் பாத்தீங்க?"

"ஆமாங்க."

"நல்லாத்தான் பாத்தீங்க. பாக்க வேண்டிய நேரம் மட்டும் விட்டுட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன். கியரை மாற்றினார், இரண்டு முறை கிளட்ச் மிதித்து, சத்தமே இல்லாமல்.

"கோயில்ல வண்டிய விட்டுட்டு வந்தது நெசந்தான். அன்னிக்குக் காலைல பையன் வண்டிய வித்துருங்கன்னான். அதையே நெனச்சுக்கிட்டு நடந்துட்டேன். ஆனா வூட்டு நம்பர்... அது ஏன்னு எனக்கே தெரியல. எங்கப்பா ஞாபகம் வருது. அதான் டாக்டருன்னா பயமா இருக்கு." கொஞ்ச தூரம் கழித்து, "நீங்க வந்தா வரேன். பிலோ வந்தா அங்கயே அழுதுரும்."

வருகிறேன் என்றேன். நல்ல சாலை.


பிப். 16, திங்கள். பெரம்பலூர்

திருச்சி போய் வந்தாயிற்று. நான், சேவியர். பஸ்சில்.

போன வாரமே ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்திருந்தது. இன்று டாக்டர் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். பின்னோக்கி எண்ணச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். சேவியர் பயப்படும் மறதி நோய்க்கான அடையாளம் எதுவும் இப்போது இல்லை. பி12 சத்து மிகவும் குறைவு, ஊசி. இரண்டு காதும் மந்தம், இஞ்சின் பக்கத்திலேயே இருந்ததால். கேட்டதையே கேட்பது பாதி அதனால்தான். பதில் காதில் விழுவதில்லை. வண்டி ஓட்டலாம். காதுக்கு மிஷின் போட்டுக்கொண்டு. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஆறு மாதம் என்பதை நான் அடிக்கோடிட்டேன். என் சுபாவம். ஆனாலும் வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சேவியர் போய் இரண்டு டீ வாங்கி வந்தார். டீயா காபியா என்று கேட்கவில்லை.

பிலோவுக்குப் போன்.

"ஓட்டட்டும்" என்றேன்.

"நெசமாவா? ஆறுதலுக்கா?"

"ரிப்போர்ட்டை அனுப்பறேன், படி."

அழுதாள். பின்னால் குக்கர் விசில். பிறகு மகனைத் திட்டினாள், பஷீரைத் திட்டினாள், கடைசியில் என்னையும்.

வீட்டுக்கு வந்து பயணப் பையை இன்றுதான் காலி செய்தேன். அடியில் நீலக் கொடி. பிலோ வீட்டிலிருந்து கிளம்பும்போது நானே கழற்றி மடித்து வைத்தது, கொடுக்க மறந்தது. பட்டியலில் சேர்க்க வேண்டும். என் பெயருக்கு நேராக.