தம்பியின் பூட்ஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர், வைகாசி 12, இரவு

ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சீமை போகும் இந்திய ஓட்டக்காரர்களில் என் தம்பியும் ஒருவன். நாளை விடியலில் புறப்படுகிறான். அங்கே குளிரும் என்று ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள். மாலையில் வறண்ட கண்மாயில் ஓடிப் பழகப் போனோம். கோடு கிழித்ததும் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மண்ணைத் தொட்டுக் கும்பிட்டான்.

"ஏலே, அதைப் போட்டுக்கிட்டு ஓடத்தானே வந்த?"

"கும்பிட்ட எடத்துல அதோட எப்படிக்கா நிக்க?"

மாட்டிவிடக் குனிந்தேன். "நீ தொடாதக்கா" என்று பதறிக் காலை இழுத்துக்கொண்டான். சின்ன வயதில் அந்தக் காலைக் கழுவிவிட்டவளே நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸை வாசலிலேயே விட்டுவிட்டான். காலையில் மறந்துவிட்டுத்தான் போவான்.

அம்மா இருந்தவரை செருப்பு எங்கள் வாசற்படி தாண்டியதில்லை. அவளுடைய சேலையில்தான் பூட்ஸைச் சுற்றி அவன் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.